கைத்திறனும் கல்விச் சான்றும்

வட இந்தியச் சிற்றூர்கள் பலவற்றில் தொப்புள்கொடி அறுக்கும் பணி தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண்டிர் மீதே சுமத்தப்பட்டிருந்தது. அவர்களைத் ‘தாயி’ என்றழைத்தனர். பிள்ளையை ஏந்தும் கை ஊருக்கு வேண்டியிருந்தது. அக்கைக்குரியவளோ தீட்டுடையவள் எனப்பட்டாள்.

1901இல் விக்டோரியா அரசியார் மறைந்தபின், கர்சன் சீமாட்டி திரட்டிய நினைவு நிதி இத்தாயிமாரைப் பயிற்றுவிக்க முனைந்தது. 1977இல் வகுத்த ஊரக நலத் திட்டம் அவர்களுக்கு 30 வேலை நாள் பயிற்சியளித்தது. 2005 முதல் மருத்துவமனைப் பேறு பெருகப் பெருக, அவர்கள் தொழில் சுருங்கியது. பயிற்சி தரப்பட்டதேயன்றிப் படிப்படியாக உயரும் வழி தரப்படவில்லை.

மறுபுறம், செவிலியர் பள்ளிகளில் மாணவி பார்த்த பேறுகளின் எண்ணிக்கை குறிப்பேட்டில் நிறைந்தால் போதும் என்ற நிலை வேரூன்றியிருந்தது. பன்னாட்டு மகப்பேற்றுச் செவிலியர் கூட்டமைப்பு 2002இல் இன்றியமையாத் திறன்களை வரையறுத்தது; 2010இல் கல்விக்கான தரங்களையும் வெளியிட்டது. எத்தனை பேறு பார்த்தாள் என்பதினும், மூச்சுவிடாத சிசுவுக்கு முதல் நிமிடத்திற்குள் மூச்சூட்ட அவள் கை அறியுமா என்பதே இங்குக் கேள்வி.

இந்நெறியில் தெலங்கானா அரசு 2017இல் பயிற்சி தொடங்கியது. 2018இல் நடுவணரசின் வழிகாட்டு நெறிகள் 18 மாதப் பயிற்சியை வகுத்தன. ஆசிரியைகளை முதலில் பயிற்றுவிக்கவும் பணித்தன. இது தக்கதே. ஆண்டுக்கணக்கில் கரும்பலகையோடு நின்ற ஆசிரியை, பேறு அறையில் தன் கைத்திறனை முதலில் மீட்டாக வேண்டும். பெருங்கூட்டத்திற்குச் சொற்பொழிவாற்றுவது எளிது. மாதிரி உருவின்முன் ஒவ்வொருத்தியையும் நிறுத்தி, சரிபார்ப்புப் பட்டியலோடு படிப்படியாக நோக்கித் திருத்துவது நேரமும் பொறுமையும் கேட்கும். அங்கே தேறியவளுக்கும் மருத்துவமனையில் பேறு பார்க்க இடந்தராவிடில், பெற்ற திறன் மங்கிவிடும். ஆசிரியைக்கு நேரமும் மாணவிக்கு இடமும் தராத திறன்வழிக் கல்வி பெயரளவினதே.

இவ்வரலாறு நமக்குணர்த்துவது யாது? கையின் திறனை அளக்கும் முறை வந்துவிட்டது. ஆயினும் அதன் வாயிலில் நுழைய முதலில் செவிலியர் படிப்பு வேண்டும். எழுத்தறியாத் தாயியின் கை அவ்வாயிலுக்கு வெளியே நின்றுவிட்டது. அவள் பேத்தியும் வெளியே நிற்கலாகாது. பள்ளிப்படிப்பை இடைநிறுத்தும் ஒவ்வொரு பெண்ணையும் மீட்டு, மேல்நிலைக் கல்வி முடிக்கச் செய்து, செவிலியர் கல்லூரி வரை துணைநிற்பது நம் போன்ற கல்விச் சங்கங்களின் கடன். இழிவெனச் சுமத்திய பணியை, உரிய ஊதியமும் மதிப்பும் உடைய தொழிலாக நம் மகளிர் ஏற்கும் நாளே நாம் வேண்டுவது.