சுண்ணாம்புக்கற் கரையும் நீர்வர்ண நிலக்காட்சியும்: தெல்லிப்பழைப் பகுதியை முன்வைத்து ஒரு நோக்கு

தெல்லிப்பழைப் பிரிவின் வடக்கெல்லையாக அமைந்த கீரிமலைக் கரை, மணல் விரிந்த கரையன்று. குடாநாட்டின் அடித்தளமாகிய சுண்ணாம்புக்கல் அங்கு கடலை நேரே எதிர்கொள்கின்றது. நிலத்தடி நன்னீர் கல்லிடுக்குகளினூடே ஊறிக் கடலோரத்திலே கேணியாகின்றது. இத்தகைய பாறைக்கரை ஓவியத்துக்குரிய ‘காட்சி’யாகக் கருதப்பட்டமைக்கும் ஒரு சமூக வரலாறு உண்டு. அதனைச் சுருக்கமாக நோக்குவதே எமது முயற்சியாகும்.

நீர்வர்ண நிலக்காட்சி பிரித்தானியரிடமிருந்து எமக்கு வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் இராணுவ அதிகாரிகளுக்கு நிலத்தோற்றங்களை வரையும் பயிற்சி அளிக்கப்பட்டது. கையில் எடுத்துச் செல்லத்தக்கதும் விரைவில் உலர்வதுமாகிய நீர்வர்ணம், நில அளவையாளருக்கும் பயணிகளுக்கும் ஏற்ற சாதனமாயிற்று. சாமுவேல் டானியல் 1808 இல் இலங்கைக் காட்சிகளை நூலாக வெளியிட்டார். அன்ட்ரூ நிக்கல் 1846 இல் கொழும்பு அக்கடமியில் நிலக்காட்சி வரைதலைக் கற்பிக்க வந்தார். நிலத்தை ஆள்வோரின் பார்வையும் நிலத்தை இரசிப்போரின் பார்வையும் இங்கு ஒன்றையொன்று தழுவி நின்றன எனலாம்.

இப்பார்வை யாழ்ப்பாணத்தில் வேரூன்றியது பாடசாலை வழியாகவேயாம். 1920களில் பிரதம சித்திர வித்தியாதரிசியாகவிருந்த வின்சரின் பெயரால், எஸ். ஆர். கனகசபை 1938 இல் யாழ்ப்பாணத்தில் ஓவியக் கழகமொன்றை நிறுவினார். பின்னர் அ. மாற்கு விடுமுறைக்கால ஓவியர் கழகத்தை நடத்தினார். ‘விடுமுறைக்காலம்’ என்ற சொல் ஈண்டுக் கவனிக்கற்பாலது. சம்பளம் பெறும் ஆசிரியரைப் பெரிதும் உள்ளடக்கிய மத்தியதர வர்க்கத்தினரின் ஓய்வுநேரத்திலேயே இக்கலை வளர்ந்தது. மீனவருக்கும் கல்லுடைப்போருக்கும் தொழிற்களமான கரை, ஓய்வுடையோருக்கே காட்சியாகின்றது.

நீர்வர்ணத்தின் உத்தியிலும் இம்முரண்பாட்டைக் காணலாம். அதில் வெண்மை பெரும்பாலும் பூசப்படுவதன்று. தாளை வெறுமையாக விடுவதால் பெறப்படுவது. வெயில் பட்ட சுண்ணாம்புக்கல்லை வரைபவர் அக்கல்லைத் தீண்டாமலே விடுகின்றார். ஆனால் அதே கல்லை வெட்டியெடுத்தே 1950 முதல் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை இயங்கியது. படத்திற் கல் தீண்டப்படாத இயற்கை. ஆலையில் அது மூலப்பொருள், கூலி, இலாபம்.

இதனைக் கொண்டு நிலக்காட்சி ஓவியத்தை வெறும் மத்தியதர வர்க்க மயக்கமெனத் தள்ளிவிடுவது கொச்சைச் சமூகவியலாகிவிடும். கலைப்படைப்பு தோன்றிய சூழல் மாறும்போது அதன் பொருளும் மாறுகின்றது. 1990 இல் போரினால் ஆலை மூடப்பட்டது, மக்கள் இடம்பெயர்ந்தனர், இக்கரை நெடுங்காலம் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கியிருந்தது. தம் ஊரைக் காணவியலாத மக்களுக்கு, அதற்கு முன் வரையப்பட்ட சிறு நீர்வர்ணப் படமும் அழகுப்பொருள் மாத்திரமன்று. நிலத்தின் மீதான தம் உரிமைக்குச் சான்றுமாகும். ஆள்வோரின் கருவியாகத் தோன்றிய கலை, இழந்தோரின் ஆவணமாகியமை வரலாற்றின் இயங்கியலாகும்.

தாள் எளிதில் அழிவது. இடப்பெயர்வில் முதலிற் கைவிடப்படுவதும் சுவரிலுள்ள படமே. ஆதலின் எஞ்சிய படங்களை, வரைந்த இடமும் ஆண்டும் குறித்துத் தொகுத்தல் உடனடிக் கடமையாகும். அவ்வாறு தொகுக்குமிடத்து, படத்திலுள்ள பாறையை மாத்திரமன்றி, அப்பாறையில் உழைத்தோர் படத்தில் எங்கு நிற்கின்றனர் என்பதையும் நாம் வினவுதல் வேண்டும்.