போடி மேற்கு மலைப் பாதுகாப்பு

தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு மேற்கே, கேரள எல்லையை ஒட்டி எழும் மலைத்தொடரே போடி மேற்கு மலை. அடிவாரத்தில் பொட்டிபுரம், குரங்கணி, கொட்டகுடி ஆகிய ஊர்கள் உள்ளன. போடிமெட்டைத் தாண்டினால் பூப்பாறை தொடங்கி ஏலத்தோட்டங்கள் வரும். அங்கே விளையும் ஏலக்காய் போடிக்கு இறங்கி ஏலத்தில் விலைபோகிறது. தோட்டம் கேரளத்தில், சந்தை தமிழ்நாட்டில் என்றாலும் மலைக்கு எல்லை கிடையாது. இந்த மலையைக் காக்க நடந்த முயற்சிகளில், பூவுலகின் நண்பர்கள் என்ற தொண்டு அமைப்பு, இங்கே மலையைக் குடைந்து அமைக்கத் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகத்தை எதிர்த்து நடத்திய வழக்கே முதன்மையானது.

முன்வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாற்றுத் தேயிலை மலையுச்சியிலுள்ள டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடப் பாதை வழியாகக் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியே வெளியூர் சென்றது. அந்தத் தேயிலைக்காகக் காடு முற்றிலும் வெட்டப்பட்டது. ஏலத்துக்கு அப்படி வெட்ட முடியாது, நிழல் மரம் இல்லாமல் ஏலச்செடி நிற்காது. அதனால் ஏலமலையில் மேல்மரங்கள் ஓரளவு தப்பின. ஆனாலும் அடிக்காடு போய்விட்டது, சோலைகள் துண்டு துண்டாயின. எஞ்சிய சோலைகளுள் மதிகெட்டான் சோலையை 2003இல் கேரள அரசு தேசியப் பூங்காவாக அறிவித்தது. அதன் பரப்பு 12.82 சதுர கிலோமீட்டர் மட்டுமே. இந்தச் சிறு பூங்காதான் பின்னாளில் போடி மலை வழக்கின் போக்கையே மாற்றியது.

வடகிழக்கே பழனி மலையில், கொடைக்கானலை மையமாகக் கொண்டு 1985இல் பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் தொடங்கியது. நாற்றங்கால், மரநடவு ஆகியவற்றோடு நிற்காமல், விதிமீறி எழுந்த ஒரு பல மாடி விடுதிக்கு எதிராக உச்ச நீதிமன்றம் வரை அது போராடியது. மலையூர் மக்கள் சிலர் கூடி நீதிமன்றத்தில் நிலைத்து நிற்க முடியும் என்பதை அந்த வழக்கு இந்தப் பகுதிக்குக் காட்டியது.

ஆய்வகத் திட்டம்

நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராயும் இந்திய நியூட்ரினோ ஆய்வகத்துக்கு முதலில் தேர்ந்தெடுத்த இடம் நீலகிரியின் சிங்காரா. அது முதுமலைக் காட்டை ஒட்டி இருந்ததால், 2009இல் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி மறுத்து, தேனி மாவட்டத்துச் சுருளியாற்றுப் பகுதியைப் பரிந்துரைத்தது. அதுவும் அடர்ந்த காடு. கடைசியில் பொட்டிபுரத்தை அடுத்த அம்பரப்பர் மலை தேர்வானது. ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீளச் சுரங்கம், எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பாறை, உள்ளே 50,000 டன் காந்த இரும்புக் கருவி என்பது திட்டம். அண்டவெளியிலிருந்து வரும் பிற கதிர்களைத் தடுக்க அத்தனை தடிமனான பாறை தேவை. 2011இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. 2015 ஜனவரியில் சுமார் 1,500 கோடி ரூபாய்ச் செலவுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

வழக்கு

பூவுலகின் நண்பர்கள், சூழலியலாளர் நெடுஞ்செழியனும் தோழர்களும் தொடங்கிய அமைப்பு. முதலில் புத்தகங்கள் வழியே அறியப்பட்டது. ஜப்பானிய இயற்கை வேளாண்மையாளர் ஃபுகுவோகாவின் ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’யைத் தமிழ் வாசகரிடம் கொண்டுசேர்த்தவர்கள் இவர்களே. பின்னர் சட்டப் போராட்டத்திலும் இறங்கினார்கள்.

நியூட்ரினோ எதிர்ப்பில் தொடக்கத்தில் பல குரல்கள் கலந்திருந்தன. கதிர்வீச்சு வரும் என்ற அச்சம் ஊர்களில் பரவியது. நியூட்ரினோ எதனோடும் எளிதில் வினைபுரியாத துகள், ஒவ்வொரு நொடியும் நம் உடலைக் கடந்துகொண்டே இருக்கிறது என்று அறிவியலாளர்கள் விளக்கினார்கள். அதில் அவர்கள் சொன்னதே சரி. ஆனால் மலையைக் குடைவது பற்றிய கேள்விகள் வேறு. வெடிவைத்துப் பல இலட்சம் டன் பாறையை எடுத்தால் அது எங்கே போகும், தூசி யார் வயலில் விழும், ஊற்றுக்கண்கள் என்னவாகும், மலைமாடு மேய்ப்பவர் எங்கே போவார் என்ற கேள்விகளுக்கு இயற்பியலில் விடை இல்லை. வழக்கு இந்தப் பக்கம் திரும்பியதே அதன் பலம்.

2015 மார்ச்சில், அரசியல் தலைவர் வைகோ தொடுத்த வழக்கில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு இல்லாமல் பணி தொடங்கக் கூடாதென உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடுத்தது. பூவுலகின் நண்பர்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் தொடுத்த மேல்முறையீட்டில் 2017 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. சுற்றுச்சூழல் அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது. காரணங்கள் இரண்டு. மதிகெட்டான் சோலை 5 கிலோமீட்டருக்குள் இருப்பதால் கடுமையான பிரிவில் ஆய்வு நடந்திருக்க வேண்டும். மதிப்பீட்டறிக்கை தயாரித்த சாலிம் அலி பறவையியல் மையத்துக்கு அதற்குரிய அங்கீகாரம் இல்லை. கேரளப் பக்கத்துச் சிறு சோலை தமிழ்நாட்டுப் பக்கத்து மலையைக் காத்தது.

2018 மார்ச்சில் அமைச்சகம் இதைச் சிறப்பு நேர்வாகக் கருதி மீண்டும் அனுமதித்தது. அதே ஆண்டு நவம்பரில் தீர்ப்பாயம் அந்த அனுமதியை ரத்து செய்யவில்லை என்றாலும், தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் கட்டாயம் என்றது. அமைப்பு உச்ச நீதிமன்றம் சென்றது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, திட்டத்தை அனுமதிக்க முடியாது என அங்கே உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்தது. மதிகெட்டானையும் பெரியாறு புலிகள் காப்பகத்தையும் இணைக்கும் புலி வழித்தடம், சாம்பலாறு, கொட்டகுடியாறு ஆகியவற்றின் நீர்ப்பிடிப்பு ஆகியவை அதில் காரணங்களாக இருந்தன. அமைப்பு ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்த மலை, நீர், விலங்கு என்ற வாதமே அரசின் வாதமாகவும் ஆனது.

காட்டுத்தீயும் மலையேற்றமும்

திட்டத்துக்கு மறு அனுமதி கிடைத்த அதே 2018 மார்ச்சில், 11ஆம் தேதி, கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். 23 பேர் உயிரிழந்தார்கள். கோடையில் காய்ந்து நிற்கும் புல்சரிவில் தீ மேல்நோக்கி எவ்வளவு வேகமாக ஏறும் என்பதை உள்ளூரார் அறிவார்கள். அந்த அறிவு அன்று நடந்தவர்களுக்குக் கிட்டவில்லை. மலையின் அழகைச் சொல்லி ஆட்களை அழைப்பவர் எவராயினும் தீக்காலத்தையும் சொல்லியாக வேண்டும். இந்த விபத்துக்குப் பின் மாநில அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024இல் தொடங்கிய அரசின் மலையேற்றத் திட்டத்தில் குரங்கணி–சாம்பலாறு பாதையும் இடம்பெற்றது. இப்பாதையில் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியுடன்தான் செல்ல முடியும்.