கன்றுகள் ஏன் செத்துப் பிறந்தன?

சினை மாடு குறைமாதத்தில் கன்று போட்டால் மாட்டின் மீதோ காளையின் மீதோ பழி போடுவது வழக்கம். தீவனத்தின் மீது சந்தேகம் வருவது குறைவு. ஆனால் தீவனமே காரணமாக இருக்கலாம் என்பதை அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சோதனை நூறு ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டது.

அந்தக் காலத்தில் தீவனத்தை வேதியியல் கணக்கால்தான் மதிப்பிட்டார்கள். புரதம், மாவுச்சத்து, கொழுப்பு ஆகியவற்றின் அளவு சரியாக இருந்தால் எந்தத் தீவனமும் ஒன்றுதான் என்று நம்பினார்கள். ஸ்டீபன் பாப்காக் மட்டும் அதை நம்பவில்லை. 1890-ல் பாலின் கொழுப்பை அளக்கும் முறையைக் கண்டுபிடித்துப் புகழ் பெற்றவர் அவர்.

அவருடைய யோசனைப்படி, ஹார்ட் என்பவரின் தலைமையில் 1907-ல் சோதனை தொடங்கியது. 16 கிடேரிகளை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு மக்காச்சோளமும் அதன் தட்டையும் மட்டும். இரண்டாவதற்குக் கோதுமையும் அதன் வைக்கோலும். மூன்றாவதற்கு ஓட்ஸ். நான்காவதற்கு மூன்றும் கலந்தது. கணக்குப்படி நான்கிலும் சத்து ஒரே அளவு.

முதலில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கன்று ஈனும் நேரத்தில்தான் உண்மை வெளிப்பட்டது. மக்காச்சோளம் தின்ற பசுக்கள் நல்ல திடமான கன்றுகளை ஈன்றன. கோதுமை தின்றவற்றின் கன்றுகள் நாள் நிறையாமல் செத்துப் பிறந்தன, அல்லது பிறந்த சில மணி நேரத்தில் இறந்தன. அந்தப் பசுக்களின் பாலும் மக்காச்சோளம் தின்றவற்றின் பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருந்தது. மற்ற இரண்டு குழுக்களும் இடைப்பட்ட நிலையில் இருந்தன.

காரணம் என்ன? 1911-ல் முடிவுகளை வெளியிட்டபோது அவர்களால் பதில் சொல்ல முடியவில்லை. தீவனத்தை ஆராய்ந்து வந்த மெக்காலம் இதற்காகவே எலிகளை வளர்த்துச் சோதிக்கத் தொடங்கியிருந்தார். 1913-ல் அவரும் மார்கரீட் டேவிஸும் வெண்ணெய்க் கொழுப்பில் உயிருக்கு அவசியமான ஒரு பொருள் இருப்பதை அறிவித்தார்கள். அதுதான் பின்னாளில் வைட்டமின் ஏ என்று பெயர் பெற்றது.

மஞ்சள் மக்காச்சோளத்திலும் அதன் இலைகளிலும் உள்ள கரோட்டினைப் பசுவின் உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். கோதுமையிலும் வைக்கோலிலும் அது மிகக் குறைவு. அது இல்லாவிட்டால் கருப்பையின் உள்சவ்வும் நஞ்சுக்கொடியும் பழுதாகிக் கரு தங்காது. வைக்கோலில் சுண்ணாம்புச்சத்து போதாததும் ஒரு காரணம் என்று பிந்தைய ஆய்வுகள் காட்டின.

பசும்புல்லே கிடைக்காமல் மாதக்கணக்கில் காய்ந்த வைக்கோலை மட்டும் தின்னும் சினை மாட்டுக்கு இதே ஆபத்து இன்றும் உண்டு. வயிறு நிறைந்தால் மட்டும் போதாது என்பதுதான் அந்த 16 கிடேரிகள் சொல்லித்தந்த பாடம்.