பயிற்சியும் பகிஷ்காரமும்

தாம்பரத்திலிருந்து பரங்கிமலை வரை நீளும் பெருஞ்சாலையில், 1954-இல் அம்பாலாவிலிருந்து இங்கு மாற்றப்பட்ட விமானப்படைப் பயிற்சியாசிரியர் பள்ளியையும், பல்லாவரத்துக் கண்டோன்மெண்டையும், சீன யுத்தத்தை அடுத்து 1963-இல் தொடங்கிய ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தையும் கடந்து நித்தமும் ஆயிரக்கணக்கானோர் வேலைக்குப் போய் வருகிறார்கள். அந்த மதில்களுக்குள் நம் இளைஞரோடு பூடான், மாலத்தீவு, ஆப்கானிஸ்தான் முதலிய அயல்தேசத்து இளைஞரும் பயின்று சென்றிருக்கிறார்கள் என்பதை நினைப்பவர் சிலரே.

அயல்நாட்டுச் சிப்பாய்க்கு வித்தை கற்பிப்பதும், மனம் கசந்தபோது அதை மறுப்பதும் ராஜதந்திரத்தின் பழைய உபாயங்கள். 2012 ஜூலையில் இலங்கை விமானப்படையினர் ஒன்பது பேர் தாம்பரத்தில் பயிற்சி பெறும் செய்தி வெளியாகி, அவர்களை உடனே திருப்பியனுப்ப வேண்டுமென்று முதலமைச்சர் ஜெயலலிதா வற்புறுத்தியபோது, மத்திய சர்க்கார் அவர்களைக் கொழும்புக்கு அனுப்பாமல் பெங்களூரை அடுத்த எலகங்காவுக்கு அனுப்பியது. தாம்பரத்தில் அடைபட்ட கதவு எலகங்காவில் திறந்துகொண்டது. பகிஷ்காரம் என்பதன் பலவீனம் முழுவதும் அந்தச் சின்ன சம்பவத்தில் அடங்கியிருக்கிறது; சைன்யம் ஆட்சியைப் பறித்த தேசங்களின் மீது அண்டை அயலார் விதிக்கும் தடைகளின் சரித்திரமும் பெரும்பாலும் இதுவே.

தமிழருக்கு நெருக்கமான உதாரணம் பிஜித் தீவு. 1903 முதல் 1916 வரை சென்னைத் துறைமுகத்தில் கப்பலேற்றப்பட்ட சுமார் 15,000 ஒப்பந்தக் கூலிகளும் அவர்கள் சந்ததியாரும் அங்கே கரும்பு விளைத்து, 1926-இல் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் கண்டு, பள்ளிகள் பல நிறுவி வாழ்ந்து வந்தார்கள். 1987 ஏப்ரலில், இந்தியரின் பேராதரவோடு, பிஜிப் பூர்வகுடியினரான டாக்டர் பவட்ரா பிரதமரானார். ஒரு மாதந்தான் ஆயிற்று. மே 14-ஆம் தேதி காலை பத்து மணிக்கு, சுவா நகரத்துப் பார்லிமெண்டில் பார்வையாளர் வரிசையில் சாதாரண உடையில் அமர்ந்திருந்த லெப்டினன்ட் கர்னல் சித்திவேனி ரபுகா எழுந்து வர, முகமூடியணிந்த சிப்பாய்கள் துப்பாக்கியோடு நுழைந்து பிரதமரையும் அவர் கட்சியாரையும் லாரிகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். 1879-இல் முதல் கூலிக் கப்பலான லியோனிடாஸ் பிஜியை அடைந்ததும் அதே மே 14 என்பது விதியின் குரூரமான விளையாட்டு. அந்த ரபுகாவோ 1979-இல் நமது நீலகிரி வெலிங்டன் ராணுவக் கல்லூரியில் படித்துத் தேறியவர்!

இந்தியா வியாபாரத்தை நிறுத்தியது. செப்டம்பரில் இரண்டாம் முறையும் ஆட்சியைப் பறித்து ரபுகா குடியரசைப் பிரகடனம் செய்தபோது, அக்டோபரில் வான்கூவரில் கூடிய காமன்வெல்த் மாநாட்டில் பிஜியின் அங்கத்துவம் காலாவதியானது. ஆயினும் பிஜியின் சர்க்கரை ஐரோப்பியச் சந்தைக்குச் சென்றதேயன்றி நமது சந்தையை நம்பியிருக்கவில்லை. உண்மையில் கையில் பலமுள்ள அண்டை நாடுகளான ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும், துறைமுகத் தொழிலாளர் சில வாரங்கள் கப்பல்களை மறித்ததையும் உதவித் தொகையைச் சிறிது காலம் நிறுத்தியதையும் தவிர, பெரிதாக வேறெதையும் நீடித்துச் செய்யவில்லை. அதே மே மாதம் அபியாவில் கூடிய தென் பசிபிக் சபை கவலை தெரிவித்ததோடு சரி. தூரத்திலிருப்பவர் கதவடைக்க, அருகிலிருப்பவர் திறந்துவைத்தால், தண்டனைக்குரியவருக்கு அது வெறும் அவமானமாகவே முடியும். 1990-இல் பிஜி இந்தியத் தூதரகத்தையே மூடச் செய்து பழி தீர்த்துக்கொண்டது. நஷ்டப்பட்டவர் இந்திய வம்சாவளியினரே, ஆயிரக்கணக்கில் குடிபெயர்ந்தார்கள். பவட்ராவோ 1989-இல் பதவி மீளாமலே காலமானார்.

எனினும் தடைகள் முற்றிலும் நிஷ்பிரயோஜனம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. காமன்வெல்த்துக்குத் திரும்பும் ஆசையும், வெளியேறிய கல்விமான்களாலும் தொழில் தெரிந்தவர்களாலும் உண்டான நஷ்டமும் அப்போது பிரதமராயிருந்த ரபுகாவையே 1997-இல் ஓரளவு நியாயமான அரசியல் சாசனத்துக்கு இணங்கவைத்தன. அந்த ஆண்டே பிஜி மீண்டும் காமன்வெல்த்தில் சேர்ந்தது. 1999-இல் மகேந்திர சவுத்ரி முதல் இந்திய வம்சாவளிப் பிரதமரானார். 2000-இல் அவரும் கவிழ்க்கப்பட்டார்.

அதன் பிறகே பசிபிக் தேசங்கள் கூட்டாக ஒரு விதி வகுத்தன. 2000 அக்டோபரில் கிரிபாத்தியில் செய்த பிகெட்டாவா பிரகடனத்தை ஆதாரமாகக் கொண்டு, 2006-இல் ஆட்சியைப் பறித்த பைனிமராமாவின் பிஜியை 2009 மே மாதம் பசிபிக் தீவுகள் சபை இடைநீக்கம் செய்தது. அவரோ சீனத்தின் பக்கம் திரும்பி, தமக்கென வேறொரு பசிபிக் சபையையே தோற்றுவித்து, தம் சௌகரியப்படி 2014-இல் தேர்தல் நடத்தி, அதில் தாமே ஜயித்தார்.

ரபுகா 2022 டிசம்பரில் வாக்குப்பெட்டியின் வழியே மறுபடியும் பிரதமரானார். 2023 மே 14 அன்று, இந்திய வம்சாவளியினரிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அதைக் கேட்கும்படி அன்றைக்கு அவர் மீது எந்த நாட்டின் தடையும் இருக்கவில்லை.