சந்தேகம்

சமஸ்கிருதத்தில் 'திஹ்' என்ற வேருக்குப் பூசுதல், மெழுகுதல் என்று பொருள். தேகமும் சந்தேகமும் அதில் பிறந்தவை. தமிழில் ஐயம் உண்டு. ஆனால் அது பிச்சையையும் குறிக்கும், தொல்காப்பியக் களவியலில் தலைவியைக் கண்ட தலைவனின் தடுமாற்றத்தையும் குறிக்கும். போலீஸ் ஸ்டேஷன் பேச்சிலோ 'சந்தேகக் கேஸ்'தான்.

மணப்பாட்டிலிருந்து இரவில் பெரியதாழைக்கு பைக்கில் வருகிறவரை நிறுத்தி, 'ஊதுப்பா' என்கிறார் போலீஸ்காரர். அதற்கு 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 203ஆம் பிரிவு கேட்பது வெறும் சந்தேகமல்ல, சந்தேகிக்க நியாயமான காரணம்: வண்டி அலைபாய்வது, வாயில் வாடை, குழறும் பேச்சு. (ஆளைப் பிடிக்காமல் போனது இதில் சேராது.) சீருடையும் வேண்டும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் 185ஆம் பிரிவின்படி குற்றம்.

காரணமே இல்லாமல் ஊதவைத்திருந்தால்? அமெரிக்காவில் அந்தச் சான்றையே விலக்கச் சொல்லி மனுப்போடலாம். இங்கே அவ்வளவு எளிதல்ல. சோதனை முறைகேடாக நடந்திருந்தாலும் கிடைத்த சான்று வழக்குக்குப் பொருத்தமானதென்றால் ஏற்கலாம் என்று 1973இல் பூரன் மல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வக்கீலுக்கு மிஞ்சுவது, கருவி கக்கிய சீட்டில் நேரத்தையும் அளவையும் துருவுவது.