வந்தவாசிச் சண்டைத் துப்பாக்கி

எங்கள் தெள்ளாருக்குச் சண்டை புதிதல்ல. பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் இங்கே வென்றுதான் ‘தெள்ளாறெறிந்த நந்திவர்மன்’ என்று பெயர் பெற்றான். பக்கத்து வந்தவாசியில் 1760 ஜனவரி 22 அன்று அயர் கூட்டின் ஆங்கிலேயப் படை, லாலியின் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தது. அதனால் இந்தப் பக்கம் எந்த வீட்டுப் பரணில் பழைய துப்பாக்கி கிடந்தாலும் “வந்தவாசிச் சண்டையில் வந்தது” என்றுதான் சொல்வார்கள்.

சில வருடங்களுக்கு முன் நண்பர் ஒருவர் அப்படி ஒன்றைக் காட்டினார். மருந்துத் துளையை எப்போதோ ஈயம் ஊற்றி அடைத்துவிட்டார்கள். “பேரன் பள்ளிக்கூடக் கண்காட்சியில் வைக்கப் போறான். எங்க முன்னோர் கூட் படையில சிப்பாய், இது அவரோட துப்பாக்கின்னு ஒரு அட்டை எழுதிக் குடுங்க சார்” என்றார். சரித்திர வாத்தியாராக இருந்தவன் ஆயிற்றே, மறுக்க முடியவில்லை.

துப்பாக்கி பற்றி எனக்குத் தெரிந்த கொஞ்சமும் கல்லூரி என்.சி.சி.யில் உஸ்தாத் சொல்லிக் கொடுத்தது. எங்களுக்குத் தந்தது பழைய திரீ நாட் திரீ. அதன் உடலில் ஒரு எண் இருக்கும்; போல்ட்டிலும் அதே எண் இருக்க வேண்டும். ஒரு துப்பாக்கியில் எண் மாறியிருந்தது. உஸ்தாத் அதைச் சுட விடவில்லை. போல்ட் சரியாகப் பொருந்தாவிட்டால் தோட்டாவின் பின்புறம் வெடித்துச் சுடுபவன் முகத்துக்கே வரலாம் என்றார். “முழுத் துப்பாக்கியைப் பார்க்காதே, ஒவ்வொரு பாகமாகப் பார்” என்பது அவர் பாடம்.

அப்படியே பார்த்தேன். முதலில் மரக்கட்டை. அதன் பக்கவாட்டில் சிறு துளைகள் இருந்தன. கம்பெனிச் சிப்பாய்கள் வைத்திருந்த பழைய ‘பிரவுன் பெஸ்’ வகையில் குழலின் அடியில் காதுகள் இருக்கும். கட்டையின் குறுக்கே ஆணி செருகி அவற்றைப் பிடிப்பார்கள். இந்தக் குழலிலோ காதே இல்லை. இரும்புப் பட்டை போட்டு இறுக்கியிருந்தது.

அடுத்து குதிரை பொருத்திய தகடு. அதில் கிரீடம் ஏந்திய சிங்கம். கிழக்கிந்தியக் கம்பெனி தன் துப்பாக்கிகளில் முதலில் இதய வடிவ முத்திரைதான் குத்தியது. சிங்கம் வந்தது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அதோடு, தகடு கட்டையில் வெட்டிய பள்ளத்தை விடச் சிறியது. இடைவெளியை அரக்கு வைத்து அடைத்திருந்தார்கள்.

கடைசியில் குழல். வாயில் டார்ச் அடித்தால் உள்ளே மூன்று சுழல் பள்ளங்கள். பிரவுன் பெஸ்ஸுக்குள் வழவழவென்றிருக்கும். வாய் அகலம் சுமார் 19 மில்லிமீட்டர். இதில் 15-க்கும் குறைவு. 1853-ல் வந்த என்ஃபீல்டு ரைபிளின் அடையாளம் இது. 1857 கலகத்தில் கொழுப்புத் தடவிய தோட்டா பிரச்சினை எழுந்தது இந்தத் துப்பாக்கியால்தான்.

ஆக, மூன்று பாகமும் மூன்று துப்பாக்கியிலிருந்து வந்தவை. வந்தவாசிச் சண்டை முடிந்து 93 வருடங்களுக்கு முன்னால் இதைச் சேர்த்திருக்கவே முடியாது.

பழம்பொருள் என்று விற்பதற்காகவும் இப்படிக் கோப்பவர்கள் உண்டு. அதில் ஒரு பாகம் மிகத் தேய்ந்தும் இன்னொன்று புதிதாகவும் இருக்கும். இங்கே கைபட்ட வழவழப்பு மூன்றிலும் ஒரே மாதிரி. 1866-ல் பின்புறம் தோட்டா போடும் ஸ்னைடர் வந்த பிறகு, பழைய துப்பாக்கிகள் ராணுவத்தில் படிப்படியாக ஒதுங்கின. அவற்றின் பாகங்களை வைத்து ஏதோ ஒரு கொல்லர் உருவாக்கியதாக இருக்கலாம்.

சொன்னதும் நண்பர் முகம் வாடிவிட்டது. உள்ளேயிருந்து அவருடைய அம்மாதான் பேசினார்: “எங்க மாமனார் இதை வெச்சுக்கிட்டுத்தான் மல்லாட்டைக் கொல்லையில ராத்திரி பன்னி காவல் இருந்தாரு. கூட்டும் தெரியாது, லாலியும் தெரியாது.”

அட்டையில் நான் எழுதியது: “மூன்று பழைய துப்பாக்கிகளின் பாகங்களால் ஆனது. சேர்த்தது 1853-க்குப் பின். எங்கள் கொள்ளுத் தாத்தா மல்லாட்டைக் கொல்லைக்குக் காவல் இருந்தது இதை வைத்துத்தான்.”

பேரன் அதையே படித்துக் காட்டினானாம். கண்காட்சிக்கு வந்த பெரியவர்கள் நின்று கேட்டது பன்னி காவல் கதையைத்தான் என்று நண்பர் பிறகு போனில் சொன்னார்.