கறுப்பினக் கல்லூரிகளில் மாணவர் நலக் கணக்கெடுப்பு

அமெரிக்காவில் கறுப்பின மக்களின் கல்விக்காக 1964-க்கு முன் தொடங்கப்பட்ட கல்லூரிகளை 1965-ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் தனி வகையாக வரையறுத்தது. இன்று ஏறத்தாழ நூறு கல்லூரிகள் இவ்வகையில் உள்ளன. இவற்றில் உடல்நலம் பற்றிய ஆய்வு, அச்சட்டத்துக்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் முந்தியது.

கறுப்பினத்தவர் உடலமைப்பிலேயே நலிந்தவர்கள், காலப்போக்கில் அருகிவிடுவார்கள் என்று காப்பீட்டு நிறுவனப் புள்ளியியலாளர் ஃபிரெடரிக் ஹாஃப்மன் 1896-இல் எழுதினார். அதே ஆண்டில், கறுப்பினக் கல்லூரிகளுள் ஒன்றான அட்லாண்டா பல்கலைக்கழகம் நகர்வாழ் கறுப்பினத்தவரின் இறப்பு விகிதம் குறித்துத் தன் முதல் மாநாட்டைக் கூட்டியது. 1897-இல் அங்கு வந்த சமூகவியலாளர் டபிள்யூ. ஈ. பி. டுபாய்ஸ் மாநாடுகளின் பொறுப்பை ஏற்றார். 1906-இல் அவர் பதிப்பித்த பதினோராம் மாநாட்டு அறிக்கை முழுவதும் உடல்நலத்தைப் பற்றியது. மக்கள்தொகைக் கணக்கு, மருத்துவர்களின் கடிதங்கள், கறுப்பின மருத்துவமனைகளின் விவரங்கள் ஆகியவற்றோடு, ஹாம்ப்டன் கல்விக்கூட மாணவர்களின் உடல் அளவுகளும் அதில் இடம்பெற்றன. காசநோயைச் சமூக நோயாகவே அறிக்கை கண்டது. இறப்பு விகித வேறுபாட்டுக்கு வாழ்நிலையே போதிய விளக்கம் என்றது. ஊர்தோறும் நலச் சங்கங்கள் அமைக்கவும் பரிந்துரைத்தது. அறிக்கையில் மாணவர் முகங்களின் ஒளிப்படங்களும் வரிசையாக உள்ளன. அவை இனவகைப்பாட்டை உடைத்தனவா, அதன் முறையையே பின்பற்றினவா என்பதில் ஆய்வாளர்கள் வேறுபடுகின்றனர்.

1915-இல் மற்றொரு கறுப்பினக் கல்லூரியான டஸ்கீகியிலிருந்து புக்கர் டி. வாஷிங்டன் தேசிய நீக்ரோ நல வாரத்தைத் தொடங்கினார். 1930-களில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் பால் கார்னலி, கறுப்பினக் கல்லூரிகளில் நலக்கல்வியும் மருத்துவக் கண்காணிப்பும் நடந்த விதத்தை ஆராய்ந்தார்.

1932 முதல் 1972 வரை டஸ்கீகி வட்டாரத்தில் அரசு நடத்திய ஆய்வில், சிஃபிலிஸ் நோயுற்ற கறுப்பின ஆண்களுக்கு உரிய சிகிச்சை தரப்படவில்லை. ஆய்வுக்குள்ளானவர்கள் மாணவர்கள் அல்லர் என்றாலும், டஸ்கீகிக் கல்லூரியின் மருத்துவமனை அதில் பயன்படுத்தப்பட்டது. நலக் கணக்கெடுப்புகளில் பங்கேற்கக் கறுப்பினத்தவர் தயங்குவதற்கு இதுவே காரணம் என்று சிலர் கூறுவர். அன்றாட மருத்துவத்தில் நேரும் பாகுபாடே பெரிய காரணம் என்பர் வேறு சிலர்.

2000 முதல் அமெரிக்கக் கல்லூரி நலச் சங்கம் நாடு தழுவிய மாணவர் கணக்கெடுப்பை நடத்துகிறது. தாமாக முன்வரும் கல்லூரிகளே அதில் சேர்வதால், கறுப்பினக் கல்லூரிகளின் முழுச் சித்திரம் அதில் கிடைப்பதில்லை. மனநலத்தை மையமாகக் கொண்ட ஹெல்தி மைண்ட்ஸ் ஆய்வின் அண்மை அறிக்கை ஒன்று, இக்கல்லூரிகளின் மாணவர்களிடம் தம் கல்லூரியோடு ஒன்றிய உணர்வு மிகுந்திருப்பதையும், கூடவே பணக்கவலை அழுத்துவதையும் பதிவுசெய்கிறது.